நான்கு தாள்கள் சேரும் மூலை

கோயமுத்தூருக்கு ரயில் வருவதற்கு 11 ஆண்டுகள் முன்பே போத்தனூருக்கு வந்துவிட்டது. சென்னையில் புறப்பட்டு சேலம், ஈரோடு, திருப்பூர் தாண்டி, பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து, மேற்குக் கடற்கரையில் பேப்பூரைத் தொட வேண்டும் என்பது மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் திட்டம். 1862-ல் அந்தப் பாதை போத்தனூரைக் கடந்து போனது. கோவை நகரம் வடக்கே ஒதுங்கி நின்றது. 1873-ல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப் பாதை போட்டபோதுதான் கோவைக்கு ஸ்டேஷன் கிடைத்தது. எங்கள் ஊர்க்காரர்கள் பலருக்கும் இது தெரிந்த செய்தி. ஏன் அப்படி ஆனது என்பது எனக்குப் புரிந்தது, வீட்டு மாடியில் மாடல் ரயில் கட்டும் ஆசையில் பழைய வரைபடங்களைத் தேட ஆரம்பித்த பிறகுதான்.

நான் பிறந்து வளர்ந்தது போத்தனூர். வேலை பார்த்தது பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியின் டிராயிங் ஆபீஸில். டிரேசிங் பேப்பரும் செட் ஸ்கொயருமாக உள்ளே போனவன், கம்ப்யூட்டரில் வரையும் காலம்வரை இருந்து ஓய்வு பெற்றேன். சிறுவயதில் பள்ளிக்கூடம் விட்டால் நேரே ரயில்வே கேட்டுக்குத்தான் போவேன். ஒரே ஸ்டேஷனில் கேரளாவுக்குப் போகும் அகலப் பாதை வண்டியும், பொள்ளாச்சி, திண்டுக்கல் போகும் மீட்டர் பாதை வண்டியும் நிற்கும். பெரிய எஞ்சினும் சின்ன எஞ்சினும் அடுத்தடுத்து மூச்சுவிடுவதைக் கேட்டு வளர்ந்தவனுக்குப் பொம்மைக் கடையில் வாங்கிய வட்டப் பாதையில் வண்டி சுற்றுவதைப் பார்த்து மனம் நிறையவில்லை. கட்டினால் நிஜமாக இருந்த ஓர் ஊரை, அந்த ஊரின் பாதையை, அது இருந்தபடியே கட்ட வேண்டும் என்று தோன்றியது.

மாடல் ரயில்காரர்களில் இரண்டு வகை உண்டு. கற்பனையில் ஓர் ஊரை உண்டாக்கி அதற்கு ஒரு பெயர் வைத்துக்கொள்பவர்கள் ஒரு வகை. உண்மையான ஒரு பாதையை எடுத்துக்கொண்டு, வளைவு, பாலம், தடம் மாற்றும் பாயிண்ட் என்று ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் தேடுபவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகைக்காரர்களுக்கு மேலைநாடுகளில் வரைபடமே அஸ்திவாரம். பிரிட்டனில் ஆர்ட்னன்ஸ் சர்வே, மைலுக்கு 25 அங்குலம் என்ற பெரிய அளவில் வெளியிட்ட தாள்களில் தண்டவாளங்கள்கூடத் தனித்தனியாகத் தெரியும். அமெரிக்காவில் தீ இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக சான்பார்ன் நிறுவனம் 50 அடிக்கு ஓர் அங்குலம் என்று வரைந்த படங்களில், சைடிங் ஓரத்துக் கிடங்கின் சுவர் செங்கல்லா மரமா என்பது வரை வண்ணத்தில் குறித்திருக்கும். நமக்கு அப்படி ஒரே தாளில் எல்லாம் கிடைப்பதில்லை. சர்வே ஆஃப் இந்தியாவின் டோபோ ஷீட், வருவாய்த் துறையின் கிராம வரைபடம், ரயில்வேயில் வேலை பார்த்தவர்களின் ஞாபகம் ஆகிய மூன்றையும் சேர்த்து வைத்துத்தான் படிக்க வேண்டும். அப்படிப் படித்த காலம் என் வாழ்க்கையின் நல்ல காலங்களில் ஒன்று.

முதல் தாள் உக்கடம் பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் அச்சிட்ட பழைய டோபோ ஷீட். கீழ் விளிம்பு கிழிந்து, அளந்த ஆண்டும் அச்சிட்ட ஆண்டும் போயிருந்தன. ஆண்டு தெரியாத வரைபடத்தால் மாடல் கட்டுபவனுக்குப் பிரயோஜனம் குறைவு. ஆனால் எந்தப் பாதை இருக்கிறது, எந்தப் பாதை இல்லை என்று பார்த்தே தாளின் வயதைக் கணக்கிட்டுவிடலாம். போத்தனூரிலிருந்து வடக்கே கோவைக்குப் போகும் கோடு அதில் இருந்தது. ஆகவே அது 1873-க்குப் பிந்தியது. தெற்கே பொள்ளாச்சிக்குப் போகும் கோடு இல்லை. தென்னிந்திய ரயில்வே அந்த மீட்டர் பாதையைத் திறந்தது 1915-ல். ஆகவே அதற்கு முந்தியது. இருகூரிலிருந்து பீளமேடு வழியாக ஊருக்குள் நுழைகிற, இன்று நாம் சாதாரணமாகப் போய்வருகிற இணைப்புப் பாதையும் அதில் இல்லை; அது பிற்காலத்தது. இருகூர்க் கோடு நேராகத் தென்மேற்கே இறங்கி, நொய்யலைத் தாண்டிப் போத்தனூரில் சேர்ந்தது.

அந்த ஒரு தாள் போதாது என்று சீக்கிரமே தெரிந்தது. கோயமுத்தூரின் நிலை விசித்திரமானது. 11-ஆம் அட்சக் கோடும் 77-ஆம் தீர்க்கக் கோடும் ஊருக்குள்ளேயே, திருச்சி ரோட்டில் ராமநாதபுரம் பக்கம், ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. டோபோ ஷீட்டுகள் இந்தக் கோடுகளில்தான் பிரியும். அதனால் ஊர் நான்கு தாள்களில் சிதறிக் கிடக்கிறது: 58 ஏ/16, 58 பி/13, 58 இ/4, 58 எஃப்/1. கோவை ஜங்ஷன் ஒரு தாளில்; அதற்கு அடுத்த கோவை வடக்கு ஸ்டேஷன் மேலே உள்ள தாளில்; இருகூர் கிழக்கே ஒரு தாளில். போத்தனூர் தன் தாளின் கிழக்கு விளிம்பை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் பொள்ளாச்சிப் பாதை கொஞ்ச தூரத்திலேயே அடுத்த தாளுக்குள் போய்விடும். மேட்டுப்பாளையத்துக்கு ஐந்தாவதாக 58 ஏ/15 வேண்டும். பிற்கால 1:50,000 தாள்களை முறைப்படி எழுதிக் கேட்டு வாங்கினேன். மைல் அளவுத் தாள்களில் மற்றவற்றை நூலகங்களில் பார்த்துப் பிரதி எடுத்தேன். ஓரங்களை வெட்டி, கோடு கோட்டோடு பொருந்த, மைதா பசையில் ஒட்டிக் கூடத்தில் விரித்தபோது, நொய்யலும் ரயிலும் குளங்களும் முதல்முறையாக அறுபடாமல் ஓடின.

அப்போதுதான் 1862-ன் காரணம் தெரிந்தது. இருகூரில் ஸ்கேலை வைத்து பாலக்காட்டுக் கணவாயின் வாயை நோக்கி ஒரு கோடு இழுத்தால், அது போத்தனூர், மதுக்கரை வழியாகப் போகிறது. பாதை போட்டவர்களின் கண் கோயமுத்தூர்மேல் இல்லை, கணவாய்மேல் இருந்தது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவே இயற்கை திறந்துவைத்த வாசல். அந்த வாசலுக்குச் சுற்றாமல் போக வேண்டுமானால் ஊரை விட்டுத்தான் போக வேண்டும். சமவுயரக் கோடுகளைப் பார்த்தால் எவரும் அதையே செய்திருப்பார்கள் என்று படும்.

டோபோ ஷீட்டில் பெரிய எழுத்துகளைவிடச் சின்னக் குறிகளே அதிகம் பேசும். குளத்துக் கரைக்கோ ரயில் மேட்டுக்கோ பக்கத்தில் '3ஆர்' என்பது போல ஓர் எண்ணும் ஆங்கில எழுத்தும் இருக்கும். அந்த இடத்தில் சுற்றியுள்ள தரையைவிடக் கரை அத்தனை உயரம் என்று பொருள். புதிய தாளில் மீட்டர், பழைய தாளில் அடி. பாதையின் இருபுறமும் வரிசையாகச் சின்னக் கோடுகள் வெளிப்பக்கம் சரிந்தால் மண் மேடு, உட்பக்கம் பார்த்தால் வெட்டிய பள்ளம். அகலப் பாதைக்கு ஒரு குறி, மீட்டர் பாதைக்கு வேறு குறி. கிணறு, கோயில், பயணியர் பங்களா, தந்திக் கம்பம் எல்லாவற்றுக்கும் குறிகள் உண்டு. கோவையிலிருந்து போத்தனூர் போகும் வழியில் வாலாங்குளத்து ஓரம் ரயில் ஏன் உயர்ந்து போகிறது, நொய்யலுக்கு முன் தரை எப்படி இறங்குகிறது என்பதெல்லாம் அந்தக் குறிகளில் இருந்தன. எத்தனையோ தடவை ரயிலில் கடந்த இடம். ஜன்னல் வழியாகத் தெரியாதது தாளில் தெரிந்தது.

அடுத்து, பழைய தாளையும் புதிய தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க வேண்டும். மைலுக்கு ஓர் அங்குலம் என்றால் 1:63,360. புதியது 1:50,000. பழையதை 127 சதவீதம் பெரிதாக்கினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வரும். ஜெராக்ஸ் எடுத்து, கண்ணாடி மேஜைக்கு அடியில் விளக்கு போட்டு, மேலே டிரேசிங் பேப்பரை விரித்தேன். பழைய தாளில் உள்ளதைக் கறுப்பு மையில், புதியதில் மட்டும் உள்ளதைச் சிவப்பு மையில் வரைந்தேன். ஆபீஸில் பம்பு உறைக்கும் இம்பெல்லருக்கும் செய்த அதே வேலை. ஆனால் இங்கே என் ஊர் கையில் வளர்ந்துகொண்டிருந்தது. சிவப்பு பெருகப் பெருக வயல்கள் மில்களாகவும், மில்களைச் சுற்றிய காலி நிலம் தெருக்களாகவும் மாறுவதை மையின் நிறத்திலேயே பார்த்தேன்.

இந்த டிரேசிங்தான் எனக்கு ஒரு முறையைக் கற்றுக்கொடுத்தது. மாடலில் எல்லா ஆண்டுகளையும் ஒன்றாக வைக்க முடியாது. ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் 1935-ஐத் தேர்ந்தெடுத்தேன். 1928-ல் பொள்ளாச்சிப் பாதை திண்டுக்கல்லோடு சேர்ந்துவிட்டது. 1932-ல் பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்கும் மீட்டர் பாதை போனது. பைகாரா மின்சாரம் வந்து கோவையில் மில்கள் பெருகத் தொடங்கிய காலம். 1934-ல் மதுக்கரையில் சிமெண்ட் ஆலை வந்துவிட்டது. போத்தனூரோ அகலப் பாதையும் மீட்டர் பாதையும் கூடும் பெரிய ரயில்வே ஊர். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் காலனி, கோட்டத் தலைமையகம் என்று நிறைந்திருந்தது. 1956-ல்தான் அந்தத் தலைமையகம் ஒலவக்கோட்டுக்குப் போனது. போத்தனூர் முழுமையாக இருந்த ஆண்டுகளில் ஒன்றைக் கட்ட வேண்டும் என்பது என் விருப்பம்.

1935-க்கென்று தனித் தாள் என்னிடம் இல்லை. ஆனால் முந்தின தாளிலும் பிந்தின தாளிலும் ஒரு பொருள் அதே இடத்தில் இருந்தால் நடுவிலும் அது இருந்திருக்கும் என்று நம்பலாம். ஒரு தாளில் மட்டும் இருந்தால் வேறு சாட்சி தேட வேண்டும். கிராம வரைபடம் அந்தச் சாட்சிகளில் முதலாவது.

பழைய கிராம வரைபடங்கள் மைலுக்கு 16 அங்குலம் என்ற அளவில் வரைந்தவை. ஒவ்வொரு புல எண்ணுக்கும் தனி அளவுப் புத்தகம் உண்டு. அதில் நீளங்கள் செயின், லிங்க் கணக்கில் இருக்கும். ஒரு செயின் 66 அடி, அதில் 100 லிங்க். ஓய்வுபெற்ற நில அளவர் ஒருவர், எனக்கு மாமா முறை, இந்தப் படங்களை எப்படிப் படிப்பது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். "மாப்ள, ரயில்வே நெலத்தோட அகலத்தப் பாரு. எங்க பொதுக்குன்னு விரியுதோ அங்க யார்டு. எங்க ஒல்லியா போகுதோ அங்க வெறும் லைனு" என்றார். போத்தனூரில் நிலம் விரிந்திருந்த விதத்திலிருந்தே யார்டின் நீளமும் அகலமும் கிடைத்தன.

அவர் காட்டிய இன்னொன்றை மறக்க முடியாது. மில் ஒன்றின் பக்கத்தில் புல எண்கள் எல்லாம் நேர் வரப்புகளாக, சதுரமும் நீள்சதுரமுமாக இருந்தன. அவற்றின் நடுவே ஓர் எண் மட்டும் அரிவாள் போல வளைந்து, ரயில்வே நிலத்திலிருந்து மில்லின் மதிலைப் போய்த் தொட்டது. "வெவசாயி இப்படி வளைச்சு வரப்பு போடமாட்டான். இது தண்டவாளம் போன தடம்" என்றார். நேரில் போய்ப் பார்த்தால் அங்கே சீமைக்கருவேலம் மண்டிய சந்துதான் இருந்தது. தண்டவாளத்தைப் பிடுங்கி எத்தனையோ காலம் ஆகியும், அதற்காக ஒதுக்கிய நிலத்தின் வடிவம் படத்தில் அழியாமல் இருந்தது. அந்தச் சைடிங்கின் வளைவைத் தாளிலிருந்து அப்படியே மாடலுக்கு எடுத்துக்கொண்டேன்.

ஞாபகத்துக்கு நான் போய் நின்ற இடம் ஓய்வுபெற்ற சிக்னல் ஃபிட்டர் ஒருவரின் வீட்டுத் திண்ணை. அவருடைய அப்பா போத்தனூரில் பாயிண்ட்ஸ்மேன். டிரேசிங்கை விரித்ததும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் விரலால் தடவிப் பார்த்தார்.

"கோடெல்லாம் செரியாத்தானுங்க இருக்குது தம்பி. ஆனா வண்டி எங்க நிக்கும், எஞ்சின் எக்கட்ட கழட்டுவாங்கங்கறத இந்தக் கோடு சொல்லாதுங்களே."

"நீங்க சொல்லுங்கய்யா, குறிச்சுக்கறேன்."

"மெட்ராஸ்லருந்து ஊட்டிக்குப் போற பொட்டிங்க இருகூர் வழியா வந்து நிக்குமுங்க. கோயமுத்தூர் லைனும் அதே வடவரத்துலதான பிரியுது? அப்ப எஞ்சின் நேரா போக முடியாதுங்க. கழட்டி, சுத்தி வந்து, பின்னால மாட்டோணும். எங்கப்பாரு அதத்தான் நாளெல்லாம் சொல்லிட்டிருப்பாரு."

படத்தைத் திரும்பப் பார்த்தேன். இருகூரிலிருந்து வரும் கோடும் கோவையிலிருந்து வரும் கோடும் ஸ்டேஷனின் ஒரே முனையில் சேர்கின்றன. பாலக்காட்டுக் கோடும் பொள்ளாச்சிக் கோடும் மறுமுனையில் பிரிகின்றன. இணைப்புப் பாதை வராத காலத்தில், மேட்டுப்பாளையம் போகிற பெட்டிகள் போத்தனூரில் திசை மாறியே ஆக வேண்டும். எஞ்சின் சுற்றிவர ஒரு லூப், அதற்குத் தண்ணீர்க் குழாய், காத்திருக்கும் பயணிகளுக்குப் பிளாட்பார நிழல் என்று ஒன்றிலிருந்து ஒன்று தானாக வந்தது. ஒரு பாயிண்ட் அங்கே ஏன் இருந்தது என்று தெரிந்துவிட்டால் அதை எங்கே வைப்பது என்ற குழப்பம் தீர்ந்துவிடுகிறது. பெரியவர் சொன்ன ஒவ்வொன்றையும் டிரேசிங்கில் பச்சை மையில் எழுதிக்கொண்டேன். கறுப்பு, சிவப்பு, பச்சை என்று மூன்று மையிலான அந்தத் தாள்தான் என் மாடலின் உண்மையான பிளான்.

பிறகு அளவுப் பிரச்சினை. உலகச் சந்தையில் கிடைக்கும் எச்.ஓ மாடல் தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர் அகலம். அது 1:87-ல் ஐரோப்பாவின் 4 அடி 8½ அங்குலப் பாதைக்குச் செய்தது. நம் அகலப் பாதை 5 அடி 6 அங்குலம். அதே 1:87-ல் செய்தால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும்; அந்த அளவில் கடையில் தண்டவாளம் கிடைக்காது. ஒரு நாள் ராத்திரி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது வழி கிடைத்தது. ஓர் அடிக்கு 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஐந்தரை அடிக்குச் சரியாக 16.5 மில்லிமீட்டர்! மீட்டர் பாதை அதே கணக்கில் 9.8 மில்லிமீட்டர், கடையில் கிடைக்கும் 9 மில்லிமீட்டர் தண்டவாளம் அதற்கு நெருக்கமாக வந்துவிடும். இரண்டு அகலத்துக்கும் ஆயத்தப் பாதை கிடைத்துவிட்டது. அளவு 1:101.6. 68 அடி நீளப் பெட்டி 204 மில்லிமீட்டர் ஆகும். போத்தனூரின் இரண்டு பாதைகளும் ஒரே பலகையில் உண்மையான விகிதத்தில் நிற்கும் என்று தெரிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி சொல்லி மாளாது.

ஆனால் தூரத்தைக் குறைக்க எந்தக் கணக்கும் உதவாது. போத்தனூரிலிருந்து கோவை ஜங்ஷன் சுமார் 6 கிலோமீட்டர். மாடலில் அது 59 மீட்டர். அங்கிருந்து மேட்டுப்பாளையம் 36 கிலோமீட்டர். மாடலில் 350 மீட்டருக்கும் மேலே. என் மாடி அறை 20 அடி நீளம். நிஜப் பாதையில் 2 டிகிரி வளைவு என்றால், 1750-ஐ டிகிரியால் வகுக்கும் ரயில்வே கணக்குப்படி ஆரம் 875 மீட்டர். மாடலில் எட்டரை மீட்டருக்கு மேல். அறைக்குள் அது அடங்காது. எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். எதை விடுவது என்பதில்தான் மாடல் கட்டுபவனின் நேர்மை இருக்கிறது.

நான் கோவை ஜங்ஷனை விட்டேன். கேட்டவர்கள் திகைத்தார்கள். "கோயமுத்தூர் லைனக் கட்டறீங்க, கோயமுத்தூர் ஸ்டேஷன் எங்கீங்க?" என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். மூன்று மைத் தாளை எடுத்துக் காட்டுவேன். 1935-ன் ரயிலுக்கு முடிச்சு போத்தனூர், முடிவு மேட்டுப்பாளையம். நடுவில் உள்ள ஊரை மறைத்தாலும் வண்டிகளின் போக்குவரத்து குலையாது. போத்தனூரை அரைகுறையாகச் செய்தால் எல்லாமே குலைந்துவிடும். ஆகவே ஒரு நீளச் சுவர் முழுக்கப் போத்தனூர் யார்டு. மூலையில் வாலாங்குளத்துக் கரையும் நொய்யல் பாலமும். அங்கிருந்து வண்டி பலகைத் தடுப்புக்குப் பின்னால் போய் மறையும். அந்த மறைவில்தான் கோவை, துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை எல்லாம். மறுசுவரில் அது மேட்டுப்பாளையமாக வெளியே வரும்.

வாலாங்குளத்து மேட்டைச் செய்வதில் நான் அதிக நேரம் செலவிட்டேன். மூன்று மீட்டர் உயரக் கரை என்றால் மாடலில் மூன்று சென்டிமீட்டர். ஒட்டுப்பலகையை அடியில் வைத்து, தெர்மாகோலை அரத்தால் சரிவாக உரசி, ஃபவுண்டரியில் கிடைக்கும் மணலைச் சலித்துப் பசையோடு மேலே தூவினேன். மாதத்தையும் முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஐப்பசி கடைசி, கார்த்திகை ஆரம்பம் என்று வைத்தேன். வடகிழக்கு மழையில் குளங்கள் நிரம்பி, நொய்யலில் மணல் திட்டுகளுக்கு இடையே தண்ணீர் ஓடும் நேரம். குளத்து மட்டம் ரயில் மேட்டின் பாதிவரை ஏற வேண்டும். வரைபடத்தின் நீலத்துக்குக் கரை எது என்று பார்த்துத்தான் அதை நிறுத்தினேன்.

மேட்டுப்பாளையத்துக்கு அப்பால் எனக்கு ஒரு பரிசு காத்திருந்தது. 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் உதகமண்டலம் வரைக்கும் திறந்த நீலகிரி மலைப் பாதை 46 கிலோமீட்டர் நீளம். 208 வளைவுகள், 16 சுரங்கங்கள், 250 பாலங்கள். மிகக் கூர்மையான வளைவு பதினேழரை டிகிரி. ஆரம் 100 மீட்டர். என் அளவில் அது ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. சமவெளியின் வளைவுகளை எல்லாம் சுருக்கிச் சுருக்கி மனம் நொந்தவனுக்கு, மலையின் வளைவு சுருக்காமலே அறைக்குள் அடங்கியது! கல்லாறு ஸ்டேஷன் தாண்டியதும் பல்தண்டவாளம் தொடங்கும். ஏற்றம் 12-க்கு 1. மூன்று மீட்டர் போவதற்குள் கால் மீட்டர் ஏற வேண்டும். டோபோ ஷீட்டில் பாக்குத் தோப்புகள் முடியும் இடத்தில் பழுப்புக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்த்தாலே ஏன் அங்கே பல் தேவைப்பட்டது என்று விளங்கும். நிஜத்தில் தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டு எஃகுப் பட்டைகள், அவற்றின் பற்கள் ஒன்றுக்கொன்று விலகி மாறி மாறி அமைந்திருக்கும். ஆப்ட் என்ற ஸ்விஸ் பொறியாளரின் முறை. 9 மில்லிமீட்டர் பாதைக்கு ஜெர்மனியின் ஃபிளெய்ஷ்மான் நிறுவனம் பல்தண்டவாளம் செய்தது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் மூலம் அதை வரவழைத்தேன். மலை அடிவாரம் மட்டும்தான் அறையில் இருக்கிறது. கல்லாறுக்கு மேல் முதல் வளைவில் வண்டி சுவருக்குள் போய்விடும்.

போத்தனூர் யார்டைக் கட்டும்போது இன்னொன்றும் மனதில் இருந்தது. 1921 நவம்பரில், மாப்பிளைக் கிளர்ச்சியில் பிடிபட்டவர்களைத் திரூரில் காற்றுப் புகாத சரக்குப் பெட்டியில் அடைத்து ரயிலில் அனுப்பினார்கள். போத்தனூரில் கதவைத் திறந்தபோது உள்ளே பிணங்கள் கிடந்தன. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மூச்சுத் திணறி இறந்தார்கள். எந்த டோபோ ஷீட்டிலும் இதற்குக் குறி இல்லை. என் மாடலின் ஆண்டுக்குப் பதினான்கே ஆண்டுகள் முன்பு, இதே தண்டவாளத்தில் நடந்தது. யார்டு அழகாக இருக்கிறது என்று சொல்பவர்களுக்கு இதையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அறைக்கதவுக்குப் பக்கத்தில் பாதைகள் திறந்த ஆண்டுகளை எழுதி மாட்டியிருக்கும் பலகையில் 1862, 1873, 1915 ஆகியவற்றோடு 1921-ம் இருக்கிறது.

இன்றைக்கு அந்த மூன்று மைத் தாளில் உள்ள பலவும் ஊரில் இல்லை. பொள்ளாச்சி மீட்டர் பாதையைப் பிடுங்கி, 2017-ல் அகலப் பாதையாகத் திறந்தார்கள். வசதி பெருகியது, அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் போத்தனூரில் சின்ன எஞ்சின் எந்த லைனில் வந்து நின்றது என்று விரல் வைத்துச் சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். சிக்னல் ஃபிட்டர் பெரியவரும் காலமாகிவிட்டார். பச்சை மையில் எழுதியவை அவர் சொன்னவை என்பதால் அந்தத் தாளின் கீழே அவர் சொன்ன தேதியையும் எழுதி வைத்திருக்கிறேன்.

அறைக்கு வரும் பிள்ளைகள் சிலர் தங்கள் ஊர் ஸ்டேஷனைக் கட்ட ஆசைப்பட்டுக் கேட்கிறார்கள். கிணத்துக்கடவு என்கிறான் ஒருவன், உடுமலை என்கிறாள் ஒருத்தி. எல்லாருக்கும் ஒன்றைத்தான் சொல்கிறேன். முதலில் எஞ்சின் வாங்காதீர்கள், ஆண்டைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு முந்தின தாள் ஒன்று, பிந்தின தாள் ஒன்று, கிராம வரைபடம் ஒன்று தேடி எடுங்கள். ஒரே அளவுக்குக் கொண்டுவந்து ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். பாதை ஏன் அங்கே வளைகிறது என்பதற்குக் காரணம் கிடைக்கும்வரை தண்டவாளத்தைத் தொடாதீர்கள். காரணம் தெரிந்துவிட்டால் பத்தில் ஒன்பது பங்கை விட்டாலும் உங்கள் ஊர் அடையாளம் தெரியும். அந்த ஸ்டேஷனில் வேலை பார்த்தவர் யாராவது உயிரோடு இருந்தால், வரைபடத்தை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய் அவர் முன்னால் விரியுங்கள். கட்டுவதற்கு இடமோ காசோ இல்லையென்றாலும் பரவாயில்லை. டிரேசிங் மட்டுமாவது ஆண்டு குறித்துப் போட்டு வையுங்கள். அதை வைத்துக் கட்டுவதற்கு ஒருவர் பின்னால் வருவார்.